வேலையை மாற்றலாமா, இருந்துவிடலாமா? தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் பார்ப்பவர், காரிமங்கலத்தில் கடை வைத்திருப்பவர், அரூரில் தனியார் பள்ளி ஆசிரியர் என்று யாராக இருந்தாலும், முப்பதைத் தாண்டியதும் கேட்கும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். கேட்டவர்களின் வார்த்தையிலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறோம். சம்பளம், செலவு பற்றிய எண்கள் கணக்குப் போடும் முறையைக் காட்டத்தான். உங்கள் எண்ணை வைத்துப் போட்டுப் பாருங்கள்.

1. "இந்த வேலைக்கே வந்திருக்கக் கூடாதுன்னு அடிக்கடி தோணுது. எனக்கு மட்டும்தான் இப்படியா?"

இல்லை, நிறையப் பேருக்குத் தோன்றுகிறது. ஆனால் 'வேலை பிடிக்கல' என்ற பேச்சுக்குள் ஐந்து விஷயங்கள் கலந்து கிடக்கின்றன: செய்யும் வேலை, வேலை நேரம், இடம், சம்பளம், மேலே இருக்கும் ஆள். எது உறுத்துகிறது என்று பிரித்துப் பார்க்காமல் விலகினால், அடுத்த கம்பெனியிலும் அதுவே உறுத்தும்.

ஒரு நோட்டு போடுங்கள். ஷிப்ட் முடிந்து வந்ததும் அன்றைக்கு எது எரிச்சலாக இருந்தது என்று ஒரே ஒரு வரி. நான்கு வாரம் எழுதினால் மூன்று ஷிப்டும் ஒரு சுற்று வந்துவிடும். பிறகு ஒவ்வொரு வரிக்கும் எதிரே அந்த ஐந்தில் ஒன்றைக் குறியுங்கள். நைட் ஷிப்ட் வாரத்தில் எழுதியதைத் தனியாக வையுங்கள், ஏனென்றால் தூக்கம் கெட்டவனுக்கு ஐந்துமே தப்பாகத்தான் தெரியும். இன்கிரிமென்ட் கடிதம் வந்த வாரத்திலும் முடிவு எடுக்காதீர்கள்.

2. "பத்தாவது முடிச்சப்பவே டிப்ளமோ போயிருக்கணும். ஐ.டி.ஐ. சேர்ந்தது தப்புதானே?"

அன்று கையில் என்ன இருந்தது என்பதை வைத்துத்தான் அந்த முடிவை எடைபோட வேண்டும். அப்போது என்ன தெரிந்திருந்தது? வீட்டில் எவ்வளவு பணம் இருந்தது? உங்கள் சம்பளத்தை யார் யார் எதிர்பார்த்தார்கள்? இந்த மூன்றுக்கும் பதில் எழுதிப் பாருங்கள். பலருக்கு அது தப்பான முடிவாக இருக்காது, அன்றைக்கு முடிந்த முடிவாக இருக்கும். போச்சம்பள்ளியில் மின் ஸ்கூட்டர் ஆலையும் கெலமங்கலம் பக்கம் மின்னணுப் பாகங்கள் ஆலையும் 2020க்குப் பிறகு வந்தவை. 2010ல் பள்ளி முடித்த ஒருவர் இதையெல்லாம் எப்படி அறிந்திருக்க முடியும்?

தவிர, அந்தக் கதவு இன்னும் மூடவில்லை. இரண்டு ஆண்டு ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். டிப்ளமோ முடித்தவர் அதேபோல பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம்.

3. "தர்மபுரியிலிருந்து ஓசூருக்கு டெய்லி போய் வர்றேன். வேலை பிடிக்கலையா, பஸ்ஸு பிடிக்கலையான்னே தெரியல."

கணக்குப் போட்டால் தெரிந்துவிடும். ஒரு பக்கம் ஏறத்தாழ 90 கிலோமீட்டர். கம்பெனி பஸ்ஸிலேயே போனாலும் போக வர நான்கு மணி நேரம் ஆகும். சம்பளம் மாதம் ₹18,000, வேலை நாள் 26 என்றால் ஒரு நாளுக்கு ₹692. எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு ₹86. பயணத்தையும் சேர்த்துப் பன்னிரண்டால் வகுத்தால் ₹58 கூட வராது. ஊருக்குப் பக்கத்தில் ₹15,000 தரும் வேலை, போக வர ஒரு மணி நேரம்தான் ஆகும் என்றால், ஒன்பது மணி நேரத்துக்கு மணிக்கு ₹64. இங்கே சம்பளம் குறைவு என்று தள்ளிவிட்ட வேலை உண்மையில் மேலானதாக இருக்கலாம்.

வேலையை விடுவதற்கு முன் ஓசூரில் இரண்டு பேரோடு சேர்ந்து ஒரு மாதம் ரூம் எடுத்துத் தங்கிப் பாருங்கள். அந்த மாதம் நோட்டில் எரிச்சல் குறைந்தால் மாற்ற வேண்டியது வீடுதான்.

4. "எட்டு வருஷமா சி.என்.சி. (கம்ப்யூட்டர் ஓட்டும் கடைசல் மெஷின்) ஆப்பரேட்டராவே இருக்கேன். லைனை மாத்திடலாமா?"

லைனில் குறை இல்லை, நீங்கள் நிற்கும் படியில்தான் குறை. பீஸை மாட்டி, சைக்கிள் ஸ்டார்ட் அழுத்தி, கழற்றி வைப்பதை மட்டும் எட்டு வருடம் செய்தவருக்கு அடுத்த கம்பெனியிலும் புதிதாகச் சேர்பவரின் சம்பளம்தான் சொல்வார்கள். அடுத்த படி செட்டர், அதாவது ஒவ்வொரு புதுப் பீஸுக்கும் மெஷினைத் தயார் செய்பவர். அதற்கடுத்தது புரோகிராமர், இல்லையென்றால் குவாலிட்டி. செட்டராக நான்கு விஷயம் கைவர வேண்டும்: சாஃப்ட் ஜாவை (பீஸைப் பிடிக்கும் மென் தாடை) அளவுக்குக் குடைந்து பொருத்துவது, வொர்க் ஆஃப்செட் (பீஸ் இருக்கும் இடத்தின் அளவு) எடுப்பது, டூல் ஆஃப்செட் (வெட்டும் டூலின் அளவு) திருத்துவது, முதல் பீஸை டிராயிங்கோடு வைத்து அளந்து ஓகே வாங்குவது.

நீங்கள் எந்தப் படியில் இருக்கிறீர்கள் என்று பார்க்க ஒரு சின்னச் சோதனை. டர்னிங்கில் விட்டம் 0.03 மி.மீ. கூடுதலாக வருகிறது. என்ன செய்வீர்கள்? எக்ஸ் அச்சின் வேர் ஆஃப்செட்டில் (டூல் தேய்மானத்துக்கான திருத்த எண்) 0.03 குறைப்பேன் என்பது பாதி பதில். சக்கில் (பீஸைப் பிடிக்கும் பகுதி) பீஸ் உட்காரும் இடத்தில் சில்லு (வெட்டிய உலோகத் துகள்) ஏதும் ஒட்டியிருக்கிறதா, வெட்டும் இன்சர்ட் முனை தேய்ந்திருக்கிறதா, காலையில் மெஷின் இன்னும் சூடேறவில்லையா என்று பார்த்து, அடுத்த பீஸையும் அளந்த பிறகு குறைப்பேன் என்பதுதான் முழுப் பதில். சில்லினால் வந்த பிழைக்கு ஆஃப்செட்டைத் தட்டிவிட்டால், சில்லு விலகியதும் அடுத்த பீஸ் அளவு குறைந்து ஸ்க்ராப் ஆகிவிடும். இந்தக் காரணங்களைச் சொல்லத் தெரிந்தவரை இன்டர்வியூவில் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஆறு மாதம் வையுங்கள். ஒவ்வொரு செட்டிங் மாற்றத்தின்போதும் செட்டரின் பக்கத்தில் நிற்க ஷிப்ட் இன்சார்ஜிடம் கேட்டுக்கொள்ளுங்கள். என்ன பீஸ், எந்த டூல், எவ்வளவு நேரம் ஆனது, எங்கே சிக்கியது என்று எழுதுங்கள். மைக்ரோமீட்டர், போர் கேஜ் (துளையின் விட்டம் அளக்கும் கருவி), டிராயிங் படிப்பது மூன்றும் பழக வேண்டும். ஐ.டி.ஐ. படிக்காமலே வந்தவர்கள், அனுபவத்தை வைத்து அகில இந்தியத் தொழிற்தேர்வைத் தனித்தேர்வராக எழுத முடியும். அதற்கான அறிவிப்பு வரும்போது அரசு ஐ.டி.ஐ.யில் விவரம் கிடைக்கும். எட்டு வருட அனுபவத்தைக் காகிதமாக்க இதைவிட மலிவான வழி கிடையாது.

5. "கான்ட்ராக்ட்ல மூணு வருஷம் ஆச்சு. பெர்மனன்ட் பண்ணுவாங்கன்னு காத்திருக்கலாமா?"

சூப்பர்வைசர் சொல்லும் 'பாத்துக்கலாம்பா'வை நம்பாதீர்கள். கடந்த இரண்டு வருடத்தில் உங்கள் லைனிலிருந்து எத்தனை பேரை எடுத்திருக்கிறார்கள் என்று பெயரோடு எண்ணிப் பாருங்கள். ஒருவர்கூட இல்லையென்றால் பதில் கிடைத்துவிட்டது. பி.எஃப். பாஸ்புக்கில் எந்த நிறுவனத்தின் பெயர் வருகிறது, நடுவில் ஒப்பந்ததாரர் மாறியிருக்கிறாரா, இடைவெளி விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

அப்ரன்டிஸ் என்றால் நிலைமை வேறு. 1961ஆம் ஆண்டு அப்ரன்டிஸ் சட்டப்படி அவர் பயிற்சியாளர்தான். பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கம்பெனிக்குக் கிடையாது. அந்தக் காலத்தைக் காத்திருக்கும் காலமாக நினைக்காமல் நான்காம் கேள்வியில் சொன்னதைக் கற்கும் காலமாக வைத்துக்கொள்ளுங்கள்.

6. "கையில எவ்வளவு இருந்தா வேலையை விடலாம்?"

கட்டாயச் செலவை மட்டும் எழுதுங்கள்: வாடகை, மளிகை, பால், பள்ளிக் கட்டணம், அப்பா அம்மா மருந்து, வண்டி தவணை, குழுக் கடன், நகைக் கடன் வட்டி. எடுத்துவிட்ட சீட்டுக்குக் கட்ட வேண்டிய மீதித் தவணைகளைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இந்தக் கூட்டுத்தொகையைப் போல ஆறு மடங்கு கையில் இருந்தால் வேறு வேலை தேடிக்கொண்டு விலகலாம். விவசாயம், சொந்தத் தொழில் என்றால் பன்னிரண்டு மடங்குக்குக் குறைந்து இறங்க வேண்டாம். மாதம் ₹14,000 கட்டாயச் செலவு என்றால் முறையே ₹84,000, ₹1,68,000. வீட்டு நகையை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

மருத்துவச் செலவையும் யோசியுங்கள். ஈ.எஸ்.ஐ.யில் (தொழிலாளர் அரசுக் காப்பீடு) இருப்பவருக்கு ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டியதற்கான பலன் காலம் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை. அதன் பிறகு என்ன? குடும்பத்தின் ஆண்டு வருமானம் ₹1,20,000க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வாங்கலாம். விலகுவதற்கு முன்பே தாலுகா அலுவலகத்தில் வருமானச் சான்று பற்றிக் கேட்டுவையுங்கள்.

7. "வேலையை விடறப்ப என்னென்ன வாங்கணும்?"

சம்பளம் வந்த மறுநாளிலிருந்து போகாமல் நின்றுவிடும் பழக்கம் நம் பக்கம் நிறைய இருக்கிறது. இதனால்தான் அனுபவச் சான்று போகிறது, கடைசி மாதச் சம்பளம் போகிறது, அடுத்த கம்பெனி விசாரிக்கும்போது பெயரும் போகிறது. நியமனக் கடிதத்தில் நோட்டீஸ் காலம் எத்தனை நாள் என்று பார்த்து, ராஜினாமாவை மின்னஞ்சலில் தேதியோடு அனுப்புங்கள். ஏற்றுக்கொண்டோம் என்ற பதில் வரும்வரை கேளுங்கள்.

கடைசி நாளுக்குள் கையில் இருக்க வேண்டியவை: விடுவிப்புக் கடிதம், அனுபவச் சான்று, கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, கணக்கு முடிப்புத் தாள். டீசல் மெக்கானிக்காக வேலை பார்த்தவருக்கு 'ஹெல்பர்' என்று சான்று தந்தால், அங்கேயே நின்று திருத்தி வாங்குங்கள். ஒரு வருடம் கழித்துப் போனால் அங்கே உங்களைத் தெரிந்த எச்.ஆர். இருக்க மாட்டார்.

8. "பி.எஃப். பணத்தை எடுத்து கடனை அடைச்சிடலாமா?"

உயிர் போகும் அவசரம் இல்லையென்றால் வேண்டாம். புதிய கம்பெனியில் அதே யு.ஏ.என். எண்ணை (கம்பெனி மாறினாலும் மாறாத பி.எஃப். உறுப்பினர் எண்) கொடுத்துப் பழைய கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள். புதிதாக ஒரு எண் வாங்கினால் இரண்டையும் இணைக்க அலைய வேண்டியிருக்கும். பழைய கம்பெனி விலகிய தேதியைப் பதியாமல் விட்டிருந்தால், கடைசிப் பணம் கட்டி இரண்டு மாதம் கழித்து நீங்களே இணையத்தில் பதியலாம்.

மொத்தப் பணிக்காலம் ஐந்து ஆண்டுக்குக் குறைவாக இருந்து, எடுக்கும் தொகை ₹50,000 அல்லது அதற்கு மேல் என்றால், பான் எண் இருந்தாலும் 10 சதவீதம் வரி பிடிப்பார்கள். இன்னொரு விஷயமும் இருக்கிறது. கம்பெனி கட்டும் 12 சதவீதத்தில் 8.33 ஓய்வூதியக் கணக்குக்குப் போகிறது. பத்து ஆண்டு சேர்ந்தால்தான் மாத ஓய்வூதியம். ஏழு ஆண்டில் அதையும் எடுத்துவிட்டால் அடுத்த கம்பெனியில் எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்கும். இப்போது வேலை இல்லை, பிறகு சேருவேன் என்பவர்கள் படிவம் 10சி மூலம் பணத்துக்குப் பதிலாகத் திட்டச் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொள்ளலாம். அந்த ஏழு ஆண்டு அப்படியே நிற்கும்.

9. "நாலரை வருஷம் ஆச்சு. கிராஜுவிட்டி வருமா?"

கிராஜுவிட்டி என்பது விலகும்போது கம்பெனி தரும் பணிக்கொடை. நிரந்தரத் தொழிலாளிக்கு ஐந்து ஆண்டு தொடர் பணி என்பதுதான் பொது விதி. நான்கு ஆண்டு முடிந்து ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை பார்த்திருந்தால் போதும் என்று சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு உண்டு. ஆனாலும் பல இடங்களில் கேட்டவுடன் தருவதில்லை. ஆறு மாதம்தான் குறைகிறது என்றால் முடித்துவிட்டு வருவதே மேல்.

கணக்கு இதுதான்: கடைசி அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, ஆண்டுகளால் பெருக்க வேண்டும். ₹18,200 என்றால் ஓர் ஆண்டுக்கு ₹10,500, ஐந்து ஆண்டுக்கு ₹52,500. ஆறாம் கேள்வியில் சொன்ன கையிருப்பில் ஏறக்குறைய நான்கு மாதத்துக்கான பணம் இதிலேயே தேறிவிடுகிறது, பாருங்கள்.

10. "வேலையை விட்டுட்டு முழுசா குரூப் 4 படிக்கலாமா? வயசு 33 ஆகுது."

வயதைப் பற்றிய பயம் பெரும்பாலும் தேவையில்லாதது. பி.சி., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. பிரிவுகளில் பத்தாம் வகுப்புக்கு மேல் படித்தவர்களுக்கு குரூப் 4ன் பல பதவிகளுக்கு மேல் வயது வரம்பு கிடையாது. கிராம நிர்வாக அலுவலர் போன்ற சிலவற்றுக்குத் தனி வரம்பு உண்டு. ஒவ்வொரு அறிவிக்கையிலும் உங்கள் பிரிவுக்குரிய வரியைப் படியுங்கள், யூடியூபில் சொல்வதைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. பள்ளிகளில் அந்தச் சான்றுகளை இப்போதே வாங்கிவையுங்கள்.

ஆனால் வேலையை விட வேண்டாம் என்றுதான் சொல்வோம். தேர்வு 200 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். இதில் 100 கேள்வி தமிழ், அதில் 60 மதிப்பெண் எடுக்காவிட்டால் மீதியைத் திருத்தவே மாட்டார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை உள்ள தமிழ்ப் புத்தகங்களை தினம் இரண்டு மணி நேரம் வீதம் படித்தாலே நல்ல அடித்தளம் கிடைக்கும். முதலில் வேலையில் இருந்துகொண்டே பழைய வினாத்தாள் ஐந்தை நேரம் வைத்து எழுதுங்கள். 200க்கு 130 சரியாக வருபவர் கடைசி இரண்டு மாதம் விடுப்பு எடுப்பதில் அர்த்தம் இருக்கிறது. 80ல் நிற்பவர் வேலையை விட்டால் பணக் கவலையே படிப்பைத் தின்றுவிடும். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் இலவசப் பயிற்சி வகுப்பு நடக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள்.

11. "தபால்ல ஒரு டிகிரி போட்டா பிரமோஷன் வருமா?"

பி.ஏ., பி.காம்., பி.பி.ஏ. போன்றவற்றுக்கு இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமோ, தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமோ போதும். பொறியியலைத் தபாலில் படிக்காதீர்கள். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் சில அப்படிக் கொடுத்த பட்டங்களை 2017ல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. பிளஸ் டூ முடிக்காமல் நேரடியாக வாங்கும் பட்டத்தைத் தமிழக அரசு வேலைக்கு ஏற்க மாட்டார்கள். பணம் கட்டும் முன், இந்தப் பட்டத்துக்கு எங்கள் கம்பெனியில் என்ன பதவி என்று எச்.ஆரிடம் எழுத்தில் கேளுங்கள். பல கடைகளில் விற்கப்படும் 'ஒரே வருடத்தில் டிகிரி' வெறும் காகிதம்தான்.

12. "ஊர்ல மூணு ஏக்கர் கெடக்குது. பட்டுப்புழு, மாந்தோப்புன்னு இறங்கிடலாமா?"

இரண்டையும் ஒன்றாகப் பேசக் கூடாது. மாவுக்குப் பொறுமை வேண்டும். 10 மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு 40 கன்று வரும், காசு பார்க்க ஐந்தாறு வருடம் ஆகும். கூழ் ஆலைகளை நம்பி பெங்களூரா ரகத்தை மட்டும் வைத்தவர்கள் 2025ல் விலை விழுந்தபோது பறிக்கும் கூலிகூட வராமல் தவித்தார்கள். மாவுக்கு வேலையை விட வேண்டியதில்லை. வேலையில் இருந்துகொண்டே கன்று வைத்து, சொட்டுநீர் போட்டு, வாரம் ஒரு முறை போய்ப் பார்க்கலாம்.

பட்டு வேறு. மல்பெரி நட்டு ஆறு மாதத்தில் இலை கிடைக்கும், பிறகு வருடத்துக்கு ஐந்து அறுவடை. நல்ல கவனிப்பில் 100 முட்டைத் தொகுதிக்கு (ஒரு தாய்ப்பூச்சி இடும் முட்டைகள் ஒரு தொகுதி) 65 முதல் 70 கிலோ கூடு எடுக்கிறார்கள். சிக்கல் நேரத்தில்தான். நாலாம் தோலுரிப்பு முடிந்த பிறகு வரும் ஏழு நாளில் புழு தன் ஆயுளில் தின்னும் இலையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் தின்றுவிடும். அந்த வாரம் விடியலிலும் மாலையிலும் கிளை வெட்டிப் போட ஆள் வேண்டும். பி ஷிப்டில் (மதியம் தொடங்கும் ஷிப்ட்) இருப்பவர் தனியாகச் சமாளிக்க முடியாது. பக்கத்துத் தக்காளித் தோட்டத்தில் அடிக்கும் மருந்து காற்றில் வந்து இலையில் பட்டால் தட்டு தட்டாகப் புழு சாகும். ஆகவே நிலத்தைச் சுற்றி யார் என்ன பயிர் வைக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் கொட்டகை போட வேண்டும். கொட்டகை, நடவுக்கு மானியம் பற்றிப் பட்டு வளர்ச்சித் துறை அலுவலகத்தில் கேளுங்கள். முதல் இரண்டு பருவத்துக்கு வீட்டில் ஒருவர் முழுநேரம் பார்க்கட்டும், உங்கள் சம்பளம் வந்துகொண்டிருக்கட்டும். கோடையில் போரில் தண்ணீர் நிற்கிறதா என்று ஒரு ஏப்ரல், மே பார்க்காமல் எதிலும் இறங்காதீர்கள்.

13. "சொந்தமா தொழில் தொடங்க 35 பர்சென்ட் மானியம் தர்றாங்களாமே?"

பிரதமரின் வேலை உருவாக்கும் திட்டத்தில் கிராமப்புறத்தில் பொதுப் பிரிவுக்கு 25, பெண்கள், பி.சி., எஸ்.சி. உள்ளிட்ட சிறப்புப் பிரிவுகளுக்கு 35 சதவீதம். மேல் வயது வரம்பு இல்லை. விண்ணப்பம் மாவட்டத் தொழில் மையம் வழியாகப் போகும்.

ஆனால் அந்த மானியம் உங்கள் கைக்கு வராது. மூன்று ஆண்டு வங்கியிலேயே வைப்பாக இருந்து, தொழில் நடப்பதை உறுதி செய்த பிறகு கடனில் கழிப்பார்கள். தவணை அதற்கு முன்பே தொடங்கிவிடும். மானியப் பணத்தில் மெஷின் வாங்கலாம் என்று கணக்குப் போட்டவர்கள்தான் முதல் வருடத்திலேயே திணறுகிறார்கள்.

14. "பி.எட். முடிச்சு கல்யாணம் ஆகி ஆறு வருஷம் வீட்டுல இருந்துட்டேன். இனிமே யாரு எடுப்பாங்க?"

எடுப்பார்கள். இடைவெளியை மறைக்காமல் 'குழந்தை வளர்ப்பு' என்று ஒரு வரி எழுதினால் போதும். ஆசிரியர் தகுதித் தேர்வில் முன்பே தேர்ச்சி பெற்றிருந்தால் அந்தச் சான்று இப்போது ஆயுள் முழுக்கச் செல்லும். தனியார் பள்ளிகள் மாதிரி வகுப்பு எடுக்கச் சொல்வார்கள். ஒரு பாடத்தை இருபது நிமிடத்துக்குத் தயார் செய்து வீட்டுப் பிள்ளைகளுக்கு நடத்திப் பழகுங்கள்.

உண்மையில் இடிக்கும் இடம் பெயர். சான்றிதழில் அப்பா இனிஷியல், ஆதாரில் கணவர் இனிஷியல் என்று இருந்தால் பி.எஃப். கணக்கிலிருந்து வங்கி வரை தகராறு வரும். விண்ணப்பிக்கும் முன் ஆதாரைச் சான்றிதழோடு ஒத்துப்போகும்படி திருத்திவிடுங்கள்.

15. "வீட்டுல யாரும் ஒத்துக்கல. என்ன பண்றது?"

வாயால் வாதாடாமல், மூன்றாம், ஆறாம் கேள்விகளில் போட்ட கணக்கை ஒரே தாளில் எழுதி வீட்டில் வையுங்கள். அப்பாவுக்குப் பயம் பெரும்பாலும் வேலையைப் பற்றியதாக இருக்காது, தங்கை கல்யாணத் தேதியைப் பற்றியதாக இருக்கும். அப்படியென்றால் நீங்கள் வேலையை விடும் தேதியைத் தள்ளினாலே போதும்.

16. "மாறிப் போன எடமும் பிடிக்கலைன்னா திரும்பி வர முடியுமா?"

முதல் மூன்று மாதத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். எந்த இடத்திலும் அது தடுமாறும் காலம். நான்காம் மாதத்தில் முதல் கேள்வியில் சொன்ன நோட்டை மறுபடி நான்கு வாரம் எழுதி, பழைய நோட்டோடு ஒப்பிடுங்கள். பழைய கம்பெனியில் முறையாக நோட்டீஸ் கொடுத்து, ஏழாம் கேள்வியில் சொன்ன காகிதங்களோடு வந்திருந்தால் எச்.ஆருக்குத் தயங்காமல் எழுதலாம். பழகிய கையைத் திரும்ப எடுப்பது அவர்களுக்கும் லாபம்தான். என்ன பதவி, என்ன சம்பளம் என்பதைச் சேரும் முன் எழுத்தில் வாங்குங்கள். பி.எஃப். அதே எண்ணில் தொடரும். கிராஜுவிட்டிக்கான ஐந்து ஆண்டை மட்டும் மீண்டும் முதலிலிருந்து எண்ணுவார்கள்.